கடல் கடந்து கலைக்கூடம் காணல்: திருச்சியிலிருந்து ஒரு மதிப்பீடு

சமகாலக் கலைக்கூடங்களையும் ஓவியர், சிற்பிகளின் ஸ்டுடியோக்களையும் பார்ப்பதற்கென்றே பத்து இருபது பேர் சேர்ந்து வெளிநாடு செல்வது கலைக் கல்வியின் ஒரு பகுதியாக உலகெங்கும் வேரூன்றிய வழக்கம். குழுவில் மாணவர், ஆசிரியர், கட்டடக் கலைஞர், ஓவியம் வாங்குவோர், ஆர்வலர் எனப் பலரும் இருப்பர். முறை ஏறக்குறைய ஒன்றுதான். துறை அறிந்த ஒருவர் வழிநடத்துவார். பெரிய அருங்காட்சியகம் ஒன்று, சில தனியார் கேலரிகள், கலைஞர்கள் தாமே நடத்தும் இடங்கள், இறுதியாக இரண்டு மூன்று ஸ்டுடியோக்கள் என்று நாட்கள் பிரிக்கப்படும். சாதாரணச் சுற்றுலாவிலிருந்து இதை வேறுபடுத்துவது கடைசியில் வரும் ஸ்டுடியோதான். முடிந்த படைப்பை எவரும் நுழைவுச் சீட்டு வாங்கிப் பார்க்கலாம். முடியாத படைப்பைப் பார்க்க ஒருவர் கதவைத் திறந்துவிட வேண்டும்.

திருச்சிராப்பள்ளியிலிருந்து இத்தகைய பயணம் எளிது. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு நகரங்களுக்கு இங்கிருந்து நேரடி விமானங்கள் உண்டு. 2025 மார்ச் இறுதியில் யாழ்ப்பாணத்துக்கும் இண்டிகோ சேவை தொடங்கியது. ஆனால் அரசுக் கவின்கலைக் கல்லூரியில் ஓவியமோ சிற்பமோ பயில விரும்பும் திருச்சி இளைஞர் கும்பகோணத்துக்கோ சென்னைக்கோ போக வேண்டும். துறையூர்ப் பக்கம் கீரம்பூரில் 1938இல் பிறந்த கே. எம். ஆதிமூலம் சென்னை ஓவியப் பள்ளிக்குச் சென்றே ஓவியரானார். கல்வியின் தொடக்கத்திலேயே ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கும் மாவட்டத்துக்குக் கலைப் பயணம் ஆடம்பரம் ஆகாது. அது எப்படி நடத்தப்படுகிறது என்பதே கேள்வி.

குழுப் பயணம் கலை வரலாற்றையே மாற்றியதற்கு ஆசியாவில் தெளிவான சான்று சிங்கப்பூரில் இருக்கிறது. லியூ காங், சென் வென் சி, சியோங் சூ பியெங், சென் சோங் சுவீ என்னும் நான்கு ஓவியர்கள் 1952இல் ஜாவா, பாலித் தீவுகளுக்குச் சேர்ந்து சென்று ஏறக்குறைய ஏழு வாரம் தங்கினர். பாலியின் சானூர் கடற்கரையில் குடியேறியிருந்த பெல்ஜிய ஓவியர் ல மாயரின் வீட்டுக்கும் சென்றனர். அவரது படங்களை லியூ காங் சிங்கப்பூரில் முன்பே பார்த்திருந்தார். திரும்பியபின் 1953இல் நால்வரும் சேர்ந்து நடத்திய கண்காட்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட படைப்புகள் இடம்பெற்றன. சீனத் தூரிகை மரபும் பாரிஸ் வழி வந்த நவீன ஓவியமும் வெப்பமண்டல வாழ்வும் கலந்த நன்யாங் பாணியின் திருப்புமுனையாக அது இன்றும் கருதப்படுகிறது.

இந்தப் பயணத்தின் வலிமை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். நால்வரும் ஏற்கெனவே தேர்ந்த ஓவியர்கள். தமக்குள் வாதிடும் அளவுக்கு வேறுபட்டவர்கள். ஒரே தெருவை, ஒரே நடனத்தை நான்கு கைகள் வரைந்தன. ஒருவர் தவறவிட்டதை இன்னொருவர் பிடித்தார். வழிகாட்டியின் விளக்கத்தைக் கேட்டு நகரும் கூட்டத்துக்கு இது வாய்க்காது. ஏழு வாரம் என்னும் கால அளவும் முக்கியம். முதல் வாரத்தில் எல்லாமே புதுமையாகத் தோன்றும்; வியப்பு அடங்கிய பிறகுதான் கோடுகளும் நிறங்களும் கண்ணுக்குப் புலப்படும்.

அதே பயணத்தின் குறையும் அதன் ஓவியங்களிலேயே பதிந்திருக்கிறது. லியூ காங் 1954இல் தீட்டிய ‘ஓவியரும் மாதிரியும்’ சிங்கப்பூர் தேசியக் கலைக்கூடத்தின் சேகரிப்பில் உள்ளது. சென் வென் சி உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்க, எதிரே பாலிப் பெண் ஒருத்தி அசையாமல் இருக்கிறாள். ஓவியருக்குப் பெயர் உண்டு, வரலாறு உண்டு. அந்தப் பெண் மாதிரி மட்டுமே. பாலியைக் கவலையற்ற சொர்க்கமாகக் காட்டிய ஐரோப்பியப் பார்வையை ஆசிய ஓவியர்களும் கேள்வியின்றி ஏற்றார்கள் என்று பிற்கால விமர்சகர்கள் சுட்டியது நியாயமே. படம் அழகானது என்பதால் இந்தக் குறை மறைந்துவிடாது. அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த இந்தோனேசியாவில் நவீன ஓவியர்கள் தீவிரமாக இயங்கிக்கொண்டிருந்த காலம் அது. நால்வரின் படங்களில் நிறைந்திருப்பதோ நடனமும் சந்தையும் கடற்கரையும்தான்.

தமிழ்நாட்டில் ஒப்புநோக்கத் தக்கது ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் ஐரோப்பியப் பயணம். அது தனிமனிதப் பயணம். 1954இல் அவர் லண்டனிலும் பாரிஸிலும் தம் படைப்புகளைக் காட்டினார். அங்குள்ள நவீன ஓவியத்தை நேரில் கண்டார். அவர் பெயரை நிலைநிறுத்திய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை 1963இல்தான் தொடங்கியது. அவர் முன்னின்று அமைத்த சோழமண்டலக் கலைஞர் கிராமம் 1966இல் உருவானது. பார்த்தது படைப்பாக முதிர ஒன்பது ஆண்டுகள் ஆயின. பயணம் முடிந்த மாதமே அறிக்கையும் புகைப்படமும் கேட்டு அதன் பயனை அளக்க முற்படும் நிறுவனங்கள் இந்த இடைவெளியை மனத்தில் கொள்ள வேண்டும்.

தனிப்பயணம் இத்தனை தந்திருக்கும்போது குழு எதற்கு என்று கேட்கலாம். இடைநிலை நகரத்து மாணவருக்கு, அதிலும் பெண்களுக்கு, குழுதான் நுழைவுச் சீட்டு. ஆசிரியர் உடன் வருகிறார் என்றால் வீட்டில் அனுமதி கிடைக்கும். அறை வாடகையும் வண்டிச் செலவும் பகிரப்படும். முன்பின் அறியாத ஒருவரின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதாத ஸ்டுடியோவும் கல்லூரியின் கடிதத்துக்கு எழுதும். இவை சிறிய நன்மைகள் அல்ல. வசதியும் ஆங்கிலமும் தொடர்பும் உள்ளவர்க்கே திறந்த உலகத்தில் மற்றவர்களும் கால்வைக்க இதுவரை கண்ட வழிகளில் இதுவே நடைமுறைக்கு உகந்தது.

சிங்கப்பூரில் ஒரு குழு என்ன கற்க முடியும் என்பதற்கு எஸ்டிபிஐ நல்ல உதாரணம். 2002இல் ராபர்ட்சன் கீயின் பழைய கிடங்கொன்றில் அமெரிக்க அச்சுக்கலை வல்லுநர் கென்னத் டைலரின் துணையோடு தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தில் அச்சுப் பட்டறையும் காகிதம் செய்யும் ஆலையும் கேலரியும் ஒரே இடத்தில் உள்ளன. அழைப்பின் பேரில் வரும் கலைஞர் அங்குள்ள கைவினைஞர்களோடு சேர்ந்து உழைக்கிறார். ஈரக் காகிதக்கூழில் நிறம் ஏறும் விதத்தையும் ஒரு பிரதி சரியாக வரும்வரை ஒதுக்கப்படும் தாள்களையும் பார்க்கும் மாணவர், சுவரில் தொங்கும் அச்சோவியத்தைப் பிறகு வேறு கண்ணோடு பார்ப்பார். 1936இல் கட்டப்பட்ட படைமுகாம் 2012இல் கேலரித் தொகுதியாக மாறிய கில்மன் பேரக்ஸ் வேறு வகை. அங்கு பெரும்பாலும் காண்பது விற்பனைக்கு வந்த படைப்பு. சந்தை எப்படி இயங்குகிறது என்பதை அறிய அதுவும் வேண்டும். குழுவின் அட்டவணை முழுவதும் இத்தகைய இடங்களாலேயே நிரம்பும்போதுதான் கோளாறு. கேலரிகள் முன்னிறுத்தும் பெயர்களே ஒரு நாட்டின் கலை என்று குழு நம்பிவிடும். தாங் டா வூ 1988இல் செம்பவாங் பகுதியின் கிராமப்புறத்தில் தொடங்கிய ‘ஆர்ட்டிஸ்ட்ஸ் வில்லேஜ்’, நிலத்தை அரசு எடுத்துக்கொண்டதால் 1990இல் அந்த இடத்தை இழந்தது. அங்கு இன்று போய்ப் பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் அதை அறியாமல் சிங்கப்பூர்ச் சமகாலக் கலையை அறிந்ததாகச் சொல்ல முடியாது.

ஸ்டுடியோக் காட்சி நடிப்பாக மாறிவிடும் அபாயம் இன்னும் ஆழமானது. வருவோர் எதிர்பார்ப்பதைத் தரும் இடமாகப் பணியிடம் மாறினால், பார்க்க வந்ததே அங்கு இல்லாமல் போகும். இதற்குத் திருச்சியின் வரலாறே சாட்சி. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் ஆகிய ஆங்கிலேய ஓவியர்கள் 1792இல் தொடங்கிய தென்னிந்தியப் பயணத்தில் மலைக்கோட்டையை வரைந்துகொண்டு போனார்கள். அடுத்த நூற்றாண்டில் திருச்சி ஓவியர்கள் அப்பிரகத் தகடுகளில் தொழில்களையும் சாதிகளையும் திருவிழாக்களையும் சிறு சிறு படங்களாகத் தீட்டி, வந்துபோகும் ஆங்கிலேயர்க்குத் தொகுப்பு தொகுப்பாக விற்றார்கள். கண்ணாடி போன்ற தகட்டில் அந்த நிறங்கள் துல்லியமாக நிற்கின்றன; கைத்திறன் வியக்கத் தக்கது. ஆனால் எதை வரைவது, எந்த அளவில் வரைவது என்பதை வாங்குபவரின் பெட்டியும் ஆர்வமுமே முடிவு செய்தன. வண்ணாரும் தண்ணீர் சுமப்பவரும் பெயரற்ற வகைமாதிரிகளாக நின்றார்கள். விருந்தினர் வந்து பார்க்கும் ஊராக இருந்த அனுபவம் திருச்சிக்கு உண்டு என்பதால், பிறர் ஊருக்குச் செல்லும் திருச்சிக் குழுவிடம் கூடுதல் கவனத்தை எதிர்பார்க்கலாம்.

அந்தக் கவனம் மிகுதியாகத் தேவைப்படும் இடம் யாழ்ப்பாணம். கலைப் பயணம் என்றதும் வெனிஸையும் லண்டனையும் நினைப்பவர்கள் ஒரு மணி நேர விமானத் தொலைவில் இருக்கும் இந்த ஊரைக் கணக்கில் எடுப்பதில்லை. அது பெரிய இழப்பு. தா. சனாதனன் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிப்பவர், ஓவியர். போரில் வீடிழந்தவர்கள் நினைவிலிருந்து வரைந்த வீட்டு வரைபடங்களைத் திரட்டி, கட்டடக் கலைஞரின் வரைபடங்களோடும் தம் ஓவியங்களோடும் சேர்த்து அவர் உருவாக்கிய ‘முடிவுறாத தோம்பு’ 2011இல் நூலாக வந்தது. காலனிய அரசின் நிலப் பதிவேடான தோம்பு அங்கே இழந்தவர்களின் பதிவேடாகிறது. ஒரு குழு உடன் எடுத்துச் சென்று, அந்த ஊரிலேயே அமர்ந்து படிக்கத் தக்க படைப்பு இது. மொழித் தடை இல்லை. கலைஞரிடம் மொழிபெயர்ப்பாளரின்றித் தமிழிலேயே கேள்வி கேட்கலாம். கொழும்பில் 2019இல் தொடங்கிய நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகமும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் குறிப்புகளை வைக்கிறது.

இலங்கைக்குள்ளேயே நடந்த முன்னுதாரணமும் உண்டு. போர்நிறுத்தக் காலமான 2004இல், 1981இல் எரிக்கப்பட்டுப் பின்னர் புதுப்பிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ‘அகம் புறம்’ கண்காட்சி நடந்தது. தென்னிலங்கைக் கலைஞர்களின் படைப்புகளும் வடக்கின் படைப்புகளும் அங்கே அருகருகே நின்றன. பார்க்க வந்தவர்கள் தங்கள் படைப்பையும் கொண்டுவந்து பார்வைக்கு வைத்தார்கள் என்பதே இதன் சிறப்பு. வெறுங்கையோடு வந்து, காயம்பட்ட ஊரின் நினைவுகளைப் படமெடுத்துத் திரும்பும் குழுவுக்கு அந்தச் சிறப்பு இல்லை.

பார்க்க வருவோரும் சேர்ந்து படைக்கும் இத்தகைய முறையை வழக்கமாக்கிய அமைப்புகளும் உண்டு. கொழும்பின் கலைஞர் அமைப்பான தீர்த்தா 2000இல் உருவானது. சிற்பி ஆன்டனி காரோவும் ராபர்ட் லோடரும் 1982இல் தொடங்கிய டிரையாங்கிள் பட்டறை மரபில் வந்தது அது. தில்லியின் கோஜ் அமைப்பும் அதே வழியில் 1997இல் பிறந்தது. இம்மரபில் பல நாட்டுக் கலைஞர்கள் ஏறக்குறைய இரண்டு வாரம் ஓரிடத்தில் தங்கி ஒருவர் பார்க்க ஒருவர் வேலை செய்வர். முடிவில் ஒருநாள் கதவு ஊருக்குத் திறக்கப்படும். பார்வையாளர், படைப்பாளி என்ற பிரிவு அங்கே இல்லை. ஐந்து நாளில் பதினைந்து இடம் காட்டும் திட்டத்தைவிட இரண்டு வாரத்தில் ஒரே இடம் என்னும் இந்த முறை மேலானது என்பதில் ஐயமில்லை. ஆனால் வேலையில் இருப்பவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இரண்டு வாரம் கிடைப்பது அரிது. குறுகிய பயணம்தான் இயலும் என்றால் இடங்களைக் குறைப்பதே வழி: ஒரு நாளைக்கு ஒரு ஸ்டுடியோ, எட்டுப் பேருக்கு மிகாத குழு. இருபது பேர் நெருக்கி நிற்கும் அறையில் கலைஞர் சொற்பொழிவுதான் ஆற்ற முடியும்.

புறப்படுமுன் உள்ளூரில் செய்ய வேண்டிய தயாரிப்பும் வழக்கமாகக் கைவிடப்படுகிறது. ஸ்ரீரங்கம் கோயிலின் சேஷராயர் மண்டபத்துக் குதிரைத் தூண்களையும் கோயில் அருங்காட்சியகத்தின் நாயக்கர் காலத் தந்தச் சிற்பங்களையும் நின்று பார்க்காத குழு, வேற்றூர்ச் சிற்பியிடம் பொருளும் கருவியும் பற்றி என்ன கேட்கும்? பழுதுபார்ப்புப் பணிக்காக யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதை 2017இல் பெற்ற கோயில் அது. எதை மூடுவது, எதை வெளிக்கொணர்வது என்று அந்தப் பணி எழுப்பிய கேள்விகள் சமகாலக் கலைஞர்களையும் தொடுபவை. வெளிநாட்டு ஸ்டுடியோவில் பேச்சு நின்றுபோகும் வேளையில் குழுவின் கையில் இருக்கக்கூடிய சரக்கு இதுவே.

விருந்தோம்பலைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பும் மிஞ்சுகிறது. யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ கதவைத் திறந்தவர் திருச்சிக்கு வந்தால் அவருக்குத் திறக்க ஓர் அறை வேண்டும். சுவரும் வெளிச்சமும் தங்க இடமும் வேண்டும். ஒரு கல்லூரியின் காலி வகுப்பறையோ ஸ்ரீரங்கத்து உத்தர வீதியில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீடோ மாதம் இரண்டு வாரம் கிடைத்தால் தொடங்கிவிடலாம். பயணச் செலவில் ஒரு பங்கை முதலிலேயே இதற்கென ஒதுக்கிவைக்கும் குழுவுக்கு இரண்டாம் பயணத்தில் ஸ்டுடியோக் கதவுகள் எளிதில் திறக்கும்.