ஆகஸ்டு பிறந்தால் ஈரோட்டுக்கு வாங்க!

ஆகஸ்டு மாதத்தில் ஈரோட்டுப் பக்கம் வந்திருக்கிறீர்களா? வராதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மஞ்சள் மண்டிக்கும் ஜவுளிச் சந்தைக்கும் பேர்போன ஊர். அந்த ஊரில் ஆடி மாதத்துச் சாயங்காலங்களில் ஜனம் சாரிசாரியாகப் போகிற இடம் புத்தகத் திருவிழா என்றால் வெளியூர் உறவுக்காரர்கள் நம்புவதில்லை. கூட்டிக்கொண்டு போய்க் காட்டினால் பேச்சு வருவதில்லை.

சென்னைக்கு 1977 முதல் புத்தகக் காட்சி இருக்கிறது. ஆனால் ஈரோடு மாதிரி ஊரில், 2005-ல், மக்கள் சிந்தனைப் பேரவை என்ற ஓர் அமைப்பு இதைத் தொடங்கியபோது துணை நின்றது ஊர் ஜனம்தான். பேரவையின் தலைவர் த. ஸ்டாலின் குணசேகரன் வழக்கறிஞர். 'விடுதலை வேள்வியில் தமிழகம்' என்ற பெருந்தொகுப்பைக் கொண்டுவந்தவர். மாவட்டம்தோறும் புத்தகத் திருவிழா என்று அரசு இறங்கியது 2022-ல். அதற்கு வெகுகாலம் முன்பே எங்கள் ஊர் வழி காட்டிவிட்டது என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொள்ளைப் பெருமை!

முதலில் வ.உ.சி. பூங்கா மைதானம், பிற்பாடு சிக்கய்ய நாயக்கர் கல்லூரி மைதானம். இடம் மாறினாலும் கூட்டத்தின் முகம் மாறவில்லை. எனக்குச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் பவானி. ஆடிப்பெருக்குக்குக் கூடுதுறையில் முழுக்குப் போட்ட கையோடு, குடும்பமாக ஈரோட்டுக்குப் பஸ் ஏறுகிறவர்களை எங்கள் ஊரில் பார்க்கலாம். ஜமக்காளத் தறி ஓட்டுகிறவர், மஞ்சள் மண்டிக் கணக்குப்பிள்ளை, பனியன் கம்பெனிக்குப் போகிற பெண்கள், தோட்டத்து வேலையை முடித்து வேட்டி மாற்றிக்கொண்டு வந்த பெரியவர் என்று எல்லோரும் அரங்குகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு நடப்பார்கள். படித்தவர்கள் கூடும் இடம் என்ற கூச்சம் ஒருவர் முகத்திலும் இருக்காது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

குழந்தைகளைச் சொல்லாமல் விட முடியுமா? பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே உண்டியல் கொடுத்து, திருவிழாவுக்குக் காசு சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்த்த சில்லறையை மேசையில் கொட்டி, எண்ணி எண்ணி நீட்டுகிற பிள்ளைகள்! அப்பா வாங்கித் தருகிற புத்தகத்துக்கும் தன் உண்டியல் காசில் வாங்கிய புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம் அந்தப் பிள்ளை அதைப் பிடித்திருக்கிற பிடியிலேயே தெரியும். வீட்டுக்குப் போகிற வரை காத்திருக்காமல் பஸ்ஸிலேயே படித்து முடித்துவிடுவார்கள்.

ஒரு வருடம் என் கண்முன் நடந்தது இது. சென்னிமலைப் பக்கத்து அம்மா ஒருவர், பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு கடையில் கேட்டார்: "ஏனுங்க தம்பி, நம்ம பக்கத்துக் கதை ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"இருக்குதுங்கம்மா. படிக்கறது ஆருங்க?"

"பேரன் படிப்பான், நான் கேப்பனுங்க."

கடைப் பையன் யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தது ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942-ல் வந்த நாவல். கணவனை இழந்த ஒருத்தி கொழுந்தனிடம் நிலத்தில் பங்கு கேட்கிறாள். அங்கே பிடிக்கிற தீ கடைசி வரைக்கும் அணைவதில்லை. பங்காளிச் சண்டையையும் வரப்புத் தகராறையும் வீட்டுக்கு வீடு பார்த்த எங்கள் கொங்குச் சீமைக்கு அதைவிடப் பொருத்தமான நாவல் வேறு எது? ஆளைப் பார்த்துப் புத்தகம் எடுத்துக் கொடுக்கத் தெரிந்த இப்படிப்பட்ட கடைக்காரர்கள் ஒரே இடத்தில் இத்தனை பேர் கிடைப்பது பெரிய கொடுப்பினை. அட்டையை வைத்து நான் வாங்கியதைவிட அவர்கள் வாயைக் கேட்டு வாங்கியவையே என் அலமாரியில் அதிகம். தாராசங்கர் பந்த்யோபாத்யாயவின் 'ஆரோக்கிய நிகேதன'மும் அப்படி வந்ததுதான். வங்காளத்துக் கிராமத்து நாடி வைத்தியர் ஒருவரின் கதை, த.நா. குமாரசாமியின் தமிழில். ஒரு மழைக்கால இரவு முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை!

வரலாற்று அரங்குகள் இன்னொரு சொர்க்கம். நொய்யல் கரையிலிருக்கும் கொடுமணலைப் பற்றி அங்கே வாங்கிய ஒரு புத்தகத்தில்தான் விவரமாகப் படித்தேன். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று பேர் வருகிற ஊர்; கல்மணி கோத்தவர்களும் இரும்பு உருக்கியவர்களும் வாழ்ந்த ஊர்; தோண்டத் தோண்டத் தமிழ் எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்த ஊர். எங்கள் மாவட்டத்தில்! அதன் பிறகு அரச்சலூர் மலைக்கும் போனேன். தாள எழுத்துகளைப் பாறையில் வெட்டி வைத்திருக்கிறார்களே, அந்த இசைக் கல்வெட்டைப் பார்க்க. அதைக் கண்டறிந்து சொன்னவர் ஈரோட்டில் வாழ்ந்த புலவர் செ. இராசு. ஊரைச் சுற்றிக் கிடக்கும் பொக்கிஷம் எனக்குத் தெரிந்ததே இந்தத் திருவிழாவால்தான்.

சாயங்காலம் ஆனால் மேடை. சொற்பொழிவு என்றால் கொட்டாவி விடுகிறவர்கள் ஒரு தரம் இங்கே வந்து உட்கார வேண்டும். அப்துல் கலாம் வந்து பேசிய மேடை அது. நாற்காலி நிரம்பி, பின்னால் நின்று, பைக்கில் சாய்ந்து, தரையில் துண்டு விரித்து உட்கார்ந்து கேட்பார்கள். இலக்கியம், வரலாறு, தத்துவம் எதுவானாலும் சரி, பேசுகிறவர் விஷயத்தோடு வந்திருந்தால் இந்தக் கூட்டம் அசையாது. தூறல் போட்டால் நாற்காலியைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டவர்களோடு நானும் நின்றிருக்கிறேன். முடிந்ததும் கலைந்து போகிறபோது பாருங்கள், அப்போது கேட்ட புத்தகத்தின் பேரைச் சொல்லிக்கொண்டு ஜனம் மறுபடி அரங்குக்குள் நுழையும்.

தமிழ்நாட்டில் வேறு பல ஊர்களின் புத்தகக் காட்சிகளுக்கும் போயிருக்கிறேன். எல்லாமே நல்லவைதான். எனக்கு ஈரோடுதான் முதலிடம். இதில் விவாதத்துக்கே இடமில்லை.

அடுத்த ஆகஸ்டில் கட்டாயம் வாருங்கள். சனி, ஞாயிறு வேண்டாம். கூட்டத்தில் புத்தகம் புரட்டிப் பார்க்க முடியாது. வார நாளில் மத்தியானமே வந்து நிதானமாக வாங்குங்கள்; பத்து சதவீதத் தள்ளுபடி உண்டு. சாயங்காலப் பேச்சையும் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு இன்றைக்கே ஓர் உண்டியல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.