அனலில் ஏறும் சுருதி

மதுரை அரசரடி, தமிழ்நாடு இறையியல் கல்லூரி என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது பறைதான். அடிப்பதற்கு முன் அதை அனலில் காட்டுவார்கள். சூடு ஏற ஏறத் தோல் முறுகும். விரலால் சுண்டும்போது மொத்தென்று கேட்டால் இன்னும் கொஞ்சம் காயவேண்டும், கணீரென்றால் போதும். பிறகு தோளோடு அணைத்து, மெல்லிய சிண்டுக்குச்சி சடசடக்க, தடித்த அடிக்குச்சி நடுவில் இறங்கும். அந்த அடி காதுக்கு முன் நெஞ்சுக்கூட்டில் விழும். கீபோர்டின் ரெடிமேட் தாளத்தில் சலித்த காதுக்கு இது விருந்து.

இங்கே ஆசிரியராக இருந்த தியோபிலஸ் அப்பாவு, மாணவர்களின் ‘பரட்டை அண்ணன்’, வழிபாட்டையே கிராமிய இசையில் அமைத்தவர். ஒருவர் அடியெடுக்க, கூட்டம் வாங்கிப் பாடும். நல்ல குரல்தான் வேண்டும் என்பதில்லை. கரகரத்த தொண்டைக்கும் இடமுண்டு. பாடுகிறவர்கள் தங்கள் தேவைக்கேற்பப் பாட்டை மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. எத்தனை பாடலாசிரியர்களுக்கு அந்த மனசு வரும்? ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து உண்பதைத் திருவிருந்தோடு சேர்த்துப் பார்த்தவர் அவர். அந்தப் பாட்டுகளில் அடுப்படி வாசனை அடிப்பதில் ஆச்சரியமில்லை.