ஒட்டுத் தெரியாத குழாய்கள்

பிளம்பரின் கண் முதலில் போவது குழாயின் இணைப்புக்கு. நேராக ஓடும் பத்தடி பெரும்பாலும் தொல்லை தராது. கசிவெல்லாம் வளைவிலும் ஒட்டிலும்தான். ஓவியர்களோ அந்தப் பத்தடியிலேயே சொக்கி நின்றுவிட்டார்கள்.

பிரான்சின் ஃபெர்னாண்ட் லெஜே உருவங்களை உருளை உருளையாக அடுக்கியதைப் பார்த்து, விமர்சகர் லூயி வோசெல் அதற்கு ‘டியூபிசம்’ என்று கேலிப்பெயர் வைத்தார். முதல் உலகப்போரில் வெயில் பட்டு மின்னிய 75 மி.மீ. பீரங்கி தன்னை ஆட்கொண்டதாக லெஜே பின்னாளில் சொன்னார். போருக்குப் பிந்தைய ஓவியங்களில் மனிதரின் கைகால்கூட மெருகேறிய குழாய்தான். ஒரு பக்கம் ஒளி, மறுபக்கம் கருநிழல். பற்றவைத்த தடம் கிடையாது. அமெரிக்கரான சார்லஸ் ஷீலர் 1929இல் வரைந்த ‘அப்பர் டெக்’கிலும் கப்பலின் காற்றுக்குழல்கள் துருவோ கறையோ இல்லாமல் நிற்கின்றன. அழகுதான். ஆனால் பழுதுபார்க்கிறவருக்கு அங்கே வேலையில்லை.

அந்த வேலையின் நுட்பம் பழையது. ரோமானியர் காரீயத் தகட்டைச் சுருட்டி, விளிம்புகளைச் சேர்த்து நீர்க்குழாய் செய்தார்கள். சேர்ந்த இடம் மேடாக எழும்ப, குறுக்குவெட்டில் குழாய் பேரிக்காய் வடிவம் கொண்டது. பாம்பேயின் தெருவோரங்களில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். பிற்கால ஐரோப்பிய பிளம்பர்கள் சுமார் இரண்டு பங்கு காரீயத்தோடு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்தார்கள். இந்தக் கலவை சட்டென்று உறையாது. ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸிலிருந்து 183 டிகிரிக்கு இறங்கும்வரை களி மாதிரிக் குழைந்து கிடக்கும். அந்தச் சில நொடிகளுக்குள் கொழுப்புத் தடவிய தடித்த துணியால் சுற்றி வழித்து, இணைப்பின்மேல் வழவழப்பான முட்டைவடிவப் புடைப்பை உருவாக்க வேண்டும். ரேடியோ பழுதுபார்ப்பவருக்கு இந்தக் குழைவே எதிரி. உறையும்போது கை அசைந்தால் இணைப்பு கெடும். அவருக்கு ஏற்றது 63 சதவீத வெள்ளீயம், 37 சதவீதக் காரீயம்: 183 டிகிரியில் நேராக உருகும், நேராக உறையும்.

குடிநீர்க் குழாய் இணைப்புகளில் காரீயப் பற்றுக்கு அமெரிக்கா 1986இல் தடை போட்டது. செம்புக் குழாய்க்கு இப்போது வெள்ளீயமே பிரதானம். உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, பேஸ்ட் தடவி, சுடரைப் பொருத்தியின்மேல் காட்ட வேண்டும். ஈயக்கம்பியின்மேல் காட்டக் கூடாது. கம்பியை எதிர்ப்பக்கம் தொட்டால் குழாயின் சூட்டிலேயே அது உருகி, மயிரிழை இடைவெளிக்குள் தானாக உறிஞ்சப்படும். உள்ளே தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தால் சூடு ஏறவே ஏறாது. அதற்கும் கைவைத்தியம் உண்டு: ஓரம் நீக்கிய ரொட்டியைக் குழாய்க்குள் திணித்துவிட்டு வேலையை முடிப்பார்கள். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டால் ரொட்டி கரைந்து வெளியேறிவிடும். தமிழ்நாட்டு வீடுகளில் பெரும்பாலும் பிவிசியும் ஒட்டும் சொல்யூஷனும் என்பதால், சுடரோடு செம்புக் குழாயை இங்கே அதிகம் தொடுகிறவர் ஏ.சி. மெக்கானிக்தான்.

கலைக்குத் திரும்பினால், 1917இல் கழிவுநீர்க் குழாயின் வளைவு ஒன்று, வரையப்படாமல் அப்படியே, மரம் அறுக்க உதவும் தாங்கியின்மேல் தலைகீழாக ஏறியது. ‘காட்’ (கடவுள்) என்ற அந்தப் படைப்பை நெடுங்காலம் ஓவியர் மார்ட்டன் ஷாம்பெர்க்கின் கணக்கில் எழுதினார்கள். கலைஞர் எல்சா ஃபான் ஃப்ரைட்டாக்-லோரிங்ஹோவனின் பங்கு தாமதமாகவே ஏற்கப்பட்டது. தெருப்பக்கம் காட்டாத உறுப்பைக் கூடத்தில் வைத்த துணிச்சலில் லெஜேயின் மினுக்கத்தைவிடக் குழாய்த் தொழிலின் வாசம் அதிகம்.

ஸ்பெயினின் அன்டோனியோ லோபஸ் கார்சியா 1967இல் வரைந்த ‘கைகழுவும் தொட்டியும் கண்ணாடியும்’ வேறு வழியில் போகிறது. கண்ணாடியை நேருக்கு நேராகவும், தொட்டியைக் குனிந்தும் பார்த்து வரைந்தார். இரண்டு பார்வைகளும் ஒரே கோணத்தில் பொருந்தா. சுவரோடுகளின் கோடுகள் நடுவில் முறிகின்றன. அந்த இடத்தில் குறுக்காக ஒரு பட்டை ஓடுகிறது. லோபஸ் அதைப் பூசி மறைக்கவில்லை.