அடிக்கோட்டில் தொடங்கும் கோப்புகள்

ரெயில்ஸ் என்ற வலைச் சட்டகத்தில் ஒழுங்காக எழுதிய செயலியின், பக்க வார்ப்புருக்கள் இருக்கும் வியூஸ் ஃபோல்டரைத் திறந்து பார்ப்பதில் எனக்குத் தனி ருசி உண்டு. கட்டுரைகளுக்கு ஒரு ஃபோல்டர், பயனர்களுக்கு ஒன்று. உள்ளே இன்டெக்ஸ், ஷோ, நியூ, எடிட் என்று அதே நாலு பெயர்கள். கோரிக்கைகளை வாங்கிக்கொள்ளும் கன்ட்ரோலரில் 'ஷோ' என்றொரு மெத்தட் இருந்தால் அதன் பக்கம் எங்கே என்று யாரையும் கேட்க வேண்டாம். மளிகைக் கடைக்காரர் பேசிக்கொண்டே சீரக டப்பாவை எடுப்பதுபோல் கை தானாகப் போகும்.

அதிலும் பார்ஷியல்கள்! பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு. இது முழுப் பக்கமில்லை, துண்டுதான் என்கிற அடக்கம். புதிதாக எழுதவும் பழையதைத் திருத்தவும் ஒரே படிவத் துண்டு போதும். தலைப்பட்டையும் அடிப்பகுதியும் எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான லேஅவுட்டில் ஒரே தடவை. நடுவில் 'யீல்டு' என்ற சொல் ஒவ்வொரு பக்கத்துக்கும் இடம்விட்டு நிற்கும். தரவுத்தள வினவல்கள் தரவைக் கையாளும் மாடலோடு நின்றுவிட்டால் வியூ கோப்பு எவ்வளவு இளைத்துவிடுகிறது! திரையை உருட்டாமலே படித்துவிடலாம். அவசரத்தில் ஒரு கூட்டலை வியூவிலேயே போட்டுவிடக் கை அரிக்கும் (அரிக்காதவர்களை நான் நம்புவதில்லை). பொறுமையாக அதை மாடலில் மெத்தடாக எழுதிவிட்டு வந்தால், பக்கத்தில் மிஞ்சுவது 'டோட்டல்' என்ற பெயர் மட்டும்.