கூட்டம் தெரியும், ஒற்றை வண்டி தெரியாது

இங்கிலாந்தின் ஸ்மார்ட் மோட்டார்வேக்களுக்கு, அதாவது கருவிகளால் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் நெடுஞ்சாலைகளுக்கு, பரிந்து பேசுகிறவர்கள் கையில் எப்போதும் ஒரே கணக்குதான் இருக்கிறது. வண்டிகள் ஓடிய தூரத்தால் வகுத்துப் பார்த்தால், அந்த நாட்டில் உயிரிழப்பு மிகக் குறைவான சாலைகளில் இவையும் சேரும். இனி புதிதாகக் கட்டுவதில்லை என்று 2023 ஏப்ரலில் ரிஷி சுனக் அரசு கைவிட்ட பிறகும் இந்த வாதம் ஓயவில்லை. நல்ல பொறியியலை அரசியல் பயம் தின்றுவிட்டது என்ற அங்கலாய்ப்பும் கூடச் சேர்ந்துகொண்டது. கணக்கு பொய்யில்லை. ஆனால் அது எதை மறைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1995-இல் லண்டனைச் சுற்றும் எம்25-இன் ஒரு பகுதியில் நேரத்துக்கேற்ப மாறும் வேக வரம்பு வந்தது. நின்று நின்று நகரும் நெரிசலை அது தணித்தது. வரிசையின் வாலில் போய் மோதும் விபத்துகளையும் குறைத்தது. பழுதான வண்டி ஒதுங்குவதற்கென்று இடது ஓரத்தில் விட்டிருந்த ஹார்ட் ஷோல்டரும் அப்படியொன்றும் சொர்க்கமில்லை, அங்கே நின்றவர்களும் அடிபட்டுச் செத்திருக்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன்.

சிக்கல் தொடங்கியது அந்த ஓரத்தைப் பிடுங்கியபோது. 2006-இல் பர்மிங்காம் அருகே எம்42-இல் நடந்த முன்னோட்டத்தில் நெரிசல் நேரத்தில் மட்டும்தான் ஓரத்தைத் திறந்தார்கள். அதற்கு முன் கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் கேமராவில் பார்த்து, அங்கே யாரும் நிற்கவில்லை என்று உறுதி செய்வார். ஏறத்தாழ 500 மீட்டருக்கு ஒரு அவசர ஒதுங்கிடம் இருந்தது. முன்னோட்டம் நன்றாகவே நடந்தது. பிறகு செலவு உறுத்தியது. 2014-இல் எம்25-இல் திறந்த புதிய வடிவத்தில் ஓரம் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும் தடமாகிவிட்டது. ஒதுங்கிடங்களின் இடைவெளி 2.5 கிலோமீட்டர் வரை நீண்டது. எம்42-இல் கிடைத்த நற்சான்றிதழை எடுத்து வேறொரு சாலையின் கழுத்தில் மாட்டினார்கள். மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் அண்ணனைக் காட்டிவிட்டு மணவறையில் தம்பியை உட்கார வைத்த கதைதான்.

இனி என் புகாருக்கு வருகிறேன். ஓரத்துக்குப் பதிலாகச் சாலையோரக் கருவிகள் காவல் காக்கும் என்பது வாக்குறுதி. அந்தக் காவலின் முதுகெலும்பு மைடாஸ் என்ற ஏற்பாடு. தாருக்கு அடியில் சுமார் 500 மீட்டருக்கு ஒரு வரிசையாகக் கம்பிச் சுருள்கள் புதைந்திருக்கும். வண்டி மேலே கடக்கும்போது மின்தூண்டல் மாறும். ஒரு வண்டி சுருளின் மேல் எத்தனை நேரம் இருக்கிறது என்பதைக் கணினி எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த நேரம் நீண்டால் வரிசை கட்டுகிறது என்று முடிவு செய்து, பின்னால் வருபவர்களின் தலைக்கு மேல் உள்ள பலகைகளில் தானாகவே 40 என்று காட்டும். அழகான கருவி. ஆனால் அது கூட்டத்தைப் பார்க்கப் பிறந்தது. இரவு இரண்டு மணிக்கு, போக்குவரத்து மெலிந்த நேரத்தில், ஒற்றைக் கார் இன்ஜின் அணைந்து இடது தடத்தில் நின்றால் வரிசை எதுவும் கட்டாது. மற்ற வண்டிகள் விலகிப் போய்க்கொண்டிருக்கும். ஏதோவொரு சுருளின் மேலேயே அது நின்றிருந்தால் ஒழிய, தாருக்கு அடியில் இருக்கும் கம்பிக்கு அப்படியொரு கார் இல்லவே இல்லை. பகல் நெரிசலில், அதாவது எல்லோரும் மெதுவாகப் போவதால் ஆபத்து ஏற்கெனவே குறைந்த வேளையில், இந்தக் காவல் மிக விழிப்பாக இருக்கிறது. வண்டிகள் முழு வேகத்தில் பறக்கும் வேளையில் கண்ணயர்ந்துவிடுகிறது.

அந்தக் கண்ணயர்வின் நீளத்தையும் அளந்திருக்கிறார்கள். சாலையை நடத்தும் அரசு நிறுவனத்தின் 2016 ஆய்வின்படியே, ரேடார் இல்லாத இடத்தில் நின்ற வண்டியைக் கண்டுபிடிக்கச் சராசரியாக 17 நிமிடம் பிடித்தது. கண்டுபிடித்த பிறகுதான் அந்தத் தடம் மூடப்பட்டது என்று பலகையில் சிவப்பு எக்ஸ் விழும். சிவப்பு எக்ஸ் வல்லமையான குறிதான், அதைத் தாண்டினால் அபராதம் உண்டு. ஆனால் யாராவது பார்த்துச் சொன்னால்தானே அது எரியும்? மணிக்கு 70 மைல் வேகத்தில் கார் ஓட்டி வருகிறவர் நொடிக்கு 31 மீட்டர் கடக்கிறார். பதினேழு நிமிடத்தில் எத்தனை பேர் அந்தக் காரின் மேல் மோதாமல் மயிரிழையில் தப்ப வேண்டியிருக்கும் என்று வாசகரே எண்ணிப் பார்க்கலாம்.

நின்ற வண்டியைக் காணும் ரேடார் உலகில் இல்லாத பொருளுமில்லை. எம்25-இன் சில பகுதிகளிலும் எம்3-இலும் பொருத்தித்தான் இருந்தார்கள். மற்ற இடங்களுக்கு? இந்தச் சாலைகளில் ஐந்தாண்டுகளில் 38 பேர் இறந்ததை 2020 ஜனவரியில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சி சொன்ன பிறகு, மார்ச்சில் அரசு 36 மாதக் கெடு அறிவித்தது. அதை முன்னே இழுத்து 2022 செப்டம்பரில் வேலையை முடித்தார்கள். புதிய வடிவம் திறந்து எட்டு ஆண்டுகள்! அதேவேளை ஹேடெக்ஸ் 3 என்ற வேகக் கேமரா 2014-இலேயே எம்25-இல் விழித்துக்கொண்டது. ஓரத்துக் கம்பத்தில் நின்றபடி எல்லாத் தடங்களையும் ரேடாரால் அளந்து, வரம்பு மீறிய வண்டியின் எண்ணைத் தவறாமல் பிடிக்கும். ஓடும் வண்டியைப் பிடிக்க ரேடார் உடனே வந்தது, நிற்கும் வண்டியைக் காக்க ரேடார் கெஞ்சிக் கேட்ட பிறகு வந்தது. இதில் வேடிக்கை, அந்த நாட்களில் அமைச்சகம் அக்கறையோடு கெடு வைத்தது கேமராவின் நிறத்துக்கு: 2016 அக்டோபருக்குள் சாம்பல் நிறம் போய் மஞ்சளாக வேண்டும் என்று.

வந்த ரேடாராவது சொன்னபடி வேலை செய்ததா? நின்ற வண்டிகளில் 80 சதவீதத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், அதையும் 20 நொடிக்குள் என்பது அவர்களே வகுத்த அளவுகோல். ஐந்தில் ஒன்றைத் தவறவிடலாம் என்று முதலிலேயே சலுகை கொடுத்துக்கொண்ட அளவுகோல் அது. அதையும் எட்டவில்லை என்று ஓஆர்ஆர் என்ற ஒழுங்குமுறை அமைப்பு 2022 டிசம்பரில் எழுதியது. பொய் எச்சரிக்கைகளும் மிகுதி. 2024-இல் பனோரமா மறுபடி வந்தபோது வேறொரு நோய் தெரிந்தது: 2022 ஜூனிலிருந்து 2024 பிப்ரவரிக்குள் மின்சாரம் தடைப்பட்டுக் கருவிகள் செயலிழந்த நிகழ்வுகள் ஏறத்தாழ 400. ஹார்ட் ஷோல்டர் ஒருபோதும் மின்வெட்டில் அணைந்ததில்லை.

சராசரிக் கணக்கைக் காட்டுகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான். நெரிசலில் மெதுவாகப் போய் உயிர் பிழைத்த ஆயிரம் பேரின் மைல்களை, தடத்தில் மாட்டிக்கொண்டவரின் மைல்களோடு சேர்த்து வகுத்தால் அவருக்கு என்ன ஆறுதல்? அரசின் 2020 ஆய்வே இதைப் பிரித்துச் சொன்னது: மற்ற ஆபத்துகள் பலவும் குறைந்தன, ஆனால் ஓடும் தடத்தில் நின்ற வண்டியின் மேல் மோதும் ஆபத்து கூடியது. பரிந்து பேசுகிறவர்கள் முதல் பாதியை மட்டும் படிக்கிறார்கள்.

கடைசியில் தேடிய மருந்தைப் பாருங்கள். 39 கோடி பவுண்டு செலவில் 150-க்கும் மேற்பட்ட ஒதுங்கிடங்களைக் கூடுதலாகக் கட்டினார்கள். தார், ஆரஞ்சு வண்ணம், ஒரு அவசரத் தொலைபேசி. புதிய சாலைகள்தான் நின்றன. ஏற்கெனவே திறந்தவற்றில் இடது தடம் இன்றும் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.