லயனல் வென்ட்டின் ஒளிப்படங்களில் ஆணுடலும் பெயரின்மையும்

கந்தர்வக்கோட்டை போன்ற வேளாண் ஊர்களில் கோவணம் கட்டி வயலில் உழைத்த ஆணுடல் அன்றாடக் காட்சி. அதனை எவரும் ஆபாசமெனக் கொள்வதில்லை. அதே உடல் கலைப்படமாகச் சட்டகத்துள் நிற்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. கொழும்பில் அச்சிக்கலை எழுப்பியவர் லயனல் வென்ட் (1900–1944).

லண்டனில் சட்டமும் பியானோவும் பயின்று 1924இல் தாயகம் திரும்பிய வென்ட், சட்டத்தொழிலைக் கைவிட்டார். பேசில் ரைட்டின் ‘சாங் ஆஃப் சிலோன்’ (1934) ஆவணப்படத்தின் குரல் அவருடையதே. 1943இல் ‘43 குழு’ ஓவியர்கள் ஒன்றுகூடியதும் அவரது முயற்சியால்தான்.

குடியேற்றக் கால ஒளிப்படம் உள்ளூர் மக்களை நேர்முகமாக நிறுத்தி, இனமும் தொழிலும் சுட்டி, வகைமாதிரியாக்கிற்று. வென்ட் அம்மரபைக் குலைத்தார். அவர் படங்களில் ஒளி முதுகின் தசையைத் தொடர்ந்து செல்கிறது. சோலரைசேஷன் உத்தியில் உடலின் விளிம்பு கோடாகத் தனித்து நிற்கிறது. உடல் இங்கே இனவியல் சான்றன்று, விழைவுக்குரியது. ஆண்களுக்கிடையிலான உறவை 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாக்கியிருந்த நாட்டில் இது சிறு துணிவன்று.

அத்துணிவைப் போற்றுவோர் ஒன்றை எளிதில் கடந்துவிடுகின்றனர். படம் எடுத்தவர் உச்ச நீதிமன்ற நீதிபதியின் மகன். படத்தில் நிற்பவர் பல இடங்களில் உழைப்பாளி. தலைப்புகளில் பெரும்பாலும் அவர் பெயர் இல்லை. இனவியல் வகைமாதிரியிலிருந்து மீண்ட உடல் அழகியல் வகைமாதிரியாக மீண்டும் பெயரிழக்கிறது. வென்ட்டை விடுதலையின் கலைஞராக மட்டும் வாசிப்பது ஆகவே அரைகுறை வாசிப்பே.

வென்ட் மறைந்தபின் நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. எஞ்சிய அச்சுப்படிகளும், 1950இல் லண்டனில் வெளிவந்த ‘லயனல் வென்ட்ஸ் சிலோன்’ தொகுப்புமே ஆய்வாளருக்கு முதன்மை ஆதாரம். எப்பகுதியை அவர் வெட்டி நீக்கினார், அருகில் நின்றவர் யார் என்பவற்றை ஒப்பிட்டறிய இனி வழியில்லை.