தூண்டிலும் துதியும்

1649-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 30-ஆம் நாள், இலண்டன் மாநகரில், மக்கள் திரளின் முன்னே மன்னன் முதலாம் சார்லசின் தலை துண்டிக்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகட்கு முன்பே, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைக் குரு வில்லியம் லாடின் தலையும் அவ்வாறே வீழ்ந்தது. ஆட்சி உரிமை யாருக்கு, வரி போடும் உரிமை யாருக்கு என்ற பூசலோடு, ஆண்டவனை எந்த முறையில் வணங்குவது என்ற பூசலும் சேர்ந்து கொண்டது. நாடு இரு படையாயிற்று. வழிபாட்டு நூல் ஒன்று தடை செய்யப்பட்டது. கிறிஸ்து பிறப்பு விழாவும் தடைக்குத் தப்பவில்லை. அன்பே வடிவானவர் என்று போற்றப்பட்ட ஒருவரின் பெயரால், அண்ணனும் தம்பியும் எதிரெதிரே வாளேந்தி நின்றனர்!

அந்தக் குருதி உலருமுன், 1653-ஆம் ஆண்டில், இலண்டனில் ஒரு சிறு நூல் வெளிவந்தது. விலை 18 பென்சு. மன்னனைப் பற்றிய நூலா? அன்று. மதப் போரைப் பற்றிய நூலா? அதுவும் அன்று. மீன் பிடிப்பதைப் பற்றிய நூல்!

'தி கம்ப்ளீட் ஆங்லர்' என்பது அதன் பெயர். தூண்டிற்கலை முற்றும் கற்றவன் என்று தமிழில் சொல்லலாம். எழுதியவர் ஐசக் வால்டன். 1593-இல் ஸ்டாஃபோர்டில் பிறந்து, இலண்டனில் துணி வணிகம் செய்து வாழ்ந்தவர், பல்கலைக்கழகப் படியேறாதவர். இன்றும் அச்சில் இருக்கிறது அந்நூல். ஆற்றங்கரையே எமது கோயில், அலையோசையே எமது துதி என்று கூறும் மேலைநாட்டுத் தூண்டிற்காரர் பலர், அதனைத் தம் மறைநூலுக்கு அடுத்தபடியாக வைத்து மதிக்கின்றனர்.

அவர்களுடைய அந்த உணர்வை என்னவென்று கொள்வது? பித்தர் பேச்சென்று எள்ளி நகையாடுவதா? பேரின்பம் என்று ஏற்றிப் போற்றுவதா? இரண்டும் எளிது; இரண்டும் திறனாய்வாகா. நூலைப் புரட்டிப் பார்த்து, நிறுத்துச் சொல்வதே நம் கடன்.

நெய்தல் என ஒரு திணை வகுத்து, கடலோடு போராடும் பரதவர் வாழ்வைப் பாட்டில் வைத்த மொழி நம்முடையது. நமக்கு மீன்பிடித்தல் என்றால் வலை, படகு, உப்புக் காற்று, கரையிலே காத்திருக்கும் மனைவி மக்கள். வால்டன் கூறும் மீன்பிடிப்பு அத்தகையதன்று. பிழைப்புக்காக அன்று, பொழுதுக்காக. மே மாதத்துக் காலையிலே, இலண்டனுக்கு வடக்கே டாட்டன்ஹாம் மேட்டில் வழிப்போக்கர் சந்திக்கின்றனர். இரண்டாம் பதிப்பு முதல், ஒருவர் தூண்டிற்காரர், மற்றவர் வேட்டைக்காரர், வல்லூறு பயிற்றுபவர் ஒருவரும் சேர்ந்து கொள்கிறார். எவர் கலை சிறந்தது என்று வழக்காடுகின்றனர். இறுதியில் வேட்டைக்காரர் தூண்டிற்காரரின் மாணவராகி விடுகிறார். பிறகு லீ ஆற்றங்கரையிலே நடை, மழைக்கு மர நிழல், மாலையில் விடுதி, பிடித்த மீனில் சமையல், பாட்டு, உறக்கம். இடையிடையே நன்றி: ஆற்றுக்கு நன்றி, வெயிலுக்கு நன்றி, அவற்றைப் படைத்தவனாக அவர் நம்பும் ஆண்டவனுக்கு நன்றி.

இந்நூலின் சிறப்பை முதலில் சொல்லி விடுவோம். நம்பிக்கையை நாவிலும் வாளிலும் ஏந்தி மனிதர் திரிந்த காலத்திலே, அதனை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு ஒரு வணிகர் ஆற்றோரம் நடந்தார். அவர் மன்னர் பக்கத்தவர். அவர் மதித்த குருமார் பலர் பதவியிழந்து தவித்த நேரம் அது. முதல் மனைவியை 1640-இல் இழந்தார். அந்த அம்மையார் பெற்ற பிள்ளைகள் அனைவரும் இளமையிலேயே மடிந்தனர். அத்தனை இழப்புக்குப் பின்னும், தம் வழியை ஏற்காதாரைச் சுட்டெரிக்கும் சொற்களை அவர் தேடவில்லை. எவரையும் மதம் மாற்ற முனையாமல், எவர் குரல்வளையையும் நெரிக்காமல், தன் துயருக்கு ஒரு மனிதன் தேடிக்கொண்ட ஆறுதலை நாம் ஏன் பழிக்க வேண்டும்? அங்கே தட்டு இல்லை, தரகர் இல்லை, தீட்டு இல்லை, திரை இல்லை. பால் கறக்கும் பெண்ணும் அவள் தாயும் எதிர்ப்படுகின்றனர், தூண்டிற்காரர் தாம் பிடித்த மீனை அவர்களுக்குத் தருகிறார், அவர்கள் பாடுகின்றனர். நூலில் நம் நெஞ்சில் நிற்கும் காட்சி இது.

இதனால் வால்டன் குருமாரை எதிர்த்த புரட்சியாளர் என்று எவரும் எண்ண வேண்டா. ஆயர்களின் அன்பர் அவர். குருமார் சிலரின் வாழ்க்கை வரலாறுகளைப் பரிவோடு எழுதியவர். ஆயினும் அவர் காட்டிய ஆற்றங்கரையில் குரு தேவைப்படவில்லை. அவர் எண்ணிச் செய்ததோ எண்ணாமல் செய்ததோ, நூல் அதைச் செய்து விட்டது.

இனிக் குறைகள். இயேசுவின் அடியவர் பன்னிருவருள் பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் ஆகிய நால்வரும் மீனவர் என்பதை வால்டன் பெருமையோடு எடுத்துக் காட்டுகிறார். தம் பொழுதுபோக்கின் புனிதத்துக்கு அதையே சான்றாக்குகிறார். அந்த நால்வர் யார்? வலையிழுத்து வயிறு வளர்த்த உழைப்பாளிகள்! இரவெல்லாம் கண்விழித்து, வலை வெறுமையாக வந்தால் வீட்டில் அடுப்பு எரியாதே என்று கலங்கும் வாழ்க்கைக்கும், கடையை மூடிவிட்டுக் காற்று வாங்கப் போகும் வாழ்க்கைக்கும் ஒரே மகுடமா? பாடுபட்டவன் பெற்ற புகழைப் பொழுதுபோக்குபவன் தலையில் சூட்டுவது, நயமாகச் செய்யினும் நியாயமன்று.

அடுத்தது தவளை. உயிருள்ள தவளையை இரையாக முள்ளில் கோப்பது எவ்வாறு என்று விரிவாகக் கற்பிக்கும் வால்டன், அந்தத் தவளையிடம் அன்புள்ளவரைப் போல நடந்துகொள்ளச் சொல்கிறார். அது நெடுநாள் உயிரோடு துடித்தால்தான் பெரிய மீன் சிக்கும்! கவிஞர் பைரன் பொறுக்கவில்லை. 1823-இல் வெளிவந்த 'டான் ஜுவான்' காவியப் பகுதியொன்றில், பழைய வால்டனைக் கொடுமைக்காரர் என்றே சாடினார். பைரனின் கோபத்தில் பாதி விளையாட்டாக இருக்கலாம், கேள்வி விளையாட்டன்று. 2003-ஆம் ஆண்டில் எடின்பரோ ஆய்வாளர்கள், டிரவுட் மீனின் தலைப் பகுதியில் ஊறுணர்த்தும் நரம்பு முனைகள் உள்ளதைக் கண்டறிந்து வெளியிட்டனர். மீன் நம்மைப் போலவே வலியை உணர்கிறதா என்று அறிவியலார் இன்னும் வழக்காடுகின்றனர். ஆனால், உணரவே உணராது என்று உறுதி கூறும் உரிமை இனித் தூண்டிற்காரருக்கு இல்லை. மீன் மனிதனுக்காகப் படைக்கப்பட்டது என்ற ஒரே விடையால் அந்த வழக்கைத் தள்ளிவிட முடியாது.

நம்புவது வேறு, ஆராய்வது வேறு. பைக் என்னும் மீன்களுள் சில, நீர்ப்பூண்டிலிருந்து தோன்றுகின்றன என்ற பழங்கதையைத் தம் நூலில் இடம்பெறச் செய்தார் வால்டன். இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ ரெடி, அழுகும் இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை, ஈயின் முட்டையிலிருந்தே தோன்றுகிறது என்று 1668-இல் செய்து காட்டினார். மூடியும் மூடாமலும் வைத்த சில கலங்கள் போதுமாயிருந்தன அவருக்கு. 1676-இல் வால்டனின் ஐந்தாம் பதிப்பு வந்தபோதும் பூண்டுக் கதை நூலைவிட்டு அகலவில்லை. இத்தாலியச் செய்தி அவரை எட்டாதிருக்கலாம். அதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தோம். ஆற்றை நாள்தோறும் பார்த்தவர், பார்த்ததைச் சோதிக்காமல் வியந்து நின்றார் என்பதை மட்டும் குறித்து வைப்போம்.

வால்டனுக்குப் பின், இதே பொருளில் எழுந்த நூல்களுள் நாம் அவரோடு சேர்த்து எண்ண வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1976-இல் வெளிவந்த 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்'. ஆசிரியர் நார்மன் மக்லீன். சிக்காகோ பல்கலைக்கழகத்தில் இலக்கியம் கற்பித்து ஓய்வு பெற்று, எழுபதைக் கடந்தபின் இக்கதையைத் தந்தவர். 1992-இல் இது திரைப்படமாகவும் வந்தது.

மொன்டானா மாநிலத்துப் பிளாக்ஃபுட் ஆறு. பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகரான தந்தை, இரு மைந்தர். இறகும் நூலும் கட்டி ஈயைப் போலத் தோன்றும் முள்ளை நீர்மேல் வீசும் கலையை, தாளக்கருவி வைத்து நான்கு அளவுக்கு எண்ணிக் கற்பிக்கிறார் தந்தை. அந்த வீட்டில் மறைநூற் பாடமும் தூண்டிற் பாடமும் வேறு வேறல்ல. இளையவன் தூண்டில் பிடித்தால் ஆறே அவனுக்குப் பணிகிறது. ஆற்றை விட்டு அகன்றால், குடியும் சூதும் கடனும் அவனைப் பிடித்துக் கொள்கின்றன. தமையன் காண்கிறான், தந்தை அறிகிறார், இருவராலும் ஒன்றும் செய்ய இயலவில்லை. இறுதியில் அவன் அடித்துக் கொல்லப்படுகிறான். இது வெறும் கற்பனையன்று. மக்லீனின் தம்பி 1938-இல் சிக்காகோவில் அவ்வாறே மாண்டார்.

இங்கேதான் மக்லீன் வால்டனைக் கடந்து செல்கிறார். வால்டனின் ஆறு, துயரை மறக்கச் செய்கிறது. மக்லீனின் ஆறு, மறக்க விடுவதில்லை. தந்தை கரையில் அமர்ந்து கிரேக்க மறைநூலைப் படிக்கிறார். நீருக்கு முன்பே சொல் இருந்தது என்று அவருக்குப் படுகிறது. மைந்தருக்கோ நீரே முதல். யார் பக்கம் உண்மை என்று ஆசிரியர் தீர்ப்பளிக்கவில்லை. ஆண்டவன் வந்து காப்பாற்றினான் என்றும் எழுதவில்லை. அன்பு செலுத்தினோம், ஆயினும் காக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். நம்பிக்கையுள்ள ஒருவர், தம் நம்பிக்கையால் ஆகாததை மறைக்காமல் எழுதினாரே, அந்த நேர்மைக்கு நம்பாதாரும் தலை வணங்கலாம்.

ஆயினும் இருவரையும் நோக்கி ஒரு கேள்வி எஞ்சுகிறது. கோயில் என்று கும்பிட்ட ஆற்றுக்கு ஆபத்து வந்தால் என் செய்வது?

மக்லீனின் நூல் வெளிவருவதற்கு ஓராண்டு முன்பு, 1975-இல், அதே பிளாக்ஃபுட் ஆற்றின் தலைப்பகுதியில் மைக் ஹார்ஸ் சுரங்கத்தின் கழிவைத் தேக்கிய அணை உடைந்தது. உலோக நஞ்சு ஆற்றில் கலந்தது. எத்தனை துதியும் அந்த அணையைத் தாங்கிப் பிடிக்கவில்லை. மனிதர் முயன்றதால்தான் ஆறு மெல்ல மெல்ல மீளத் தொடங்கியது. தூண்டிற்காரர் உழைத்தனர், 1993-இல் பள்ளத்தாக்கின் நிலவுடைமையாளர் கூடி 'பிளாக்ஃபுட் சேலஞ்ச்' என்ற அமைப்பைத் தோற்றுவித்தனர்.

இங்கிலாந்தில் நடந்ததையும் பாருங்கள். வால்டன் நூல் பிறந்து ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்து, டெர்பி நகரத்துத் தூண்டிற்காரர் சங்கம் ஒன்று நீதிமன்றம் ஏறியது. எதிரிகள் யார்? செயற்கை இழை ஆலை, நகராட்சி, மின் உற்பத்தித் துறை! ஆலைக்கழிவும் சாக்கடையும் வெந்நீரும் டெர்வென்ட் ஆற்றை மீனற்றதாக்கின என்பது வழக்கு. 1953-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலே பதிவாகியுள்ள அந்த வழக்கில் தூண்டிற்காரரே வென்றனர். ஆற்றைக் கெடுப்பதற்குத் தடையாணை பிறந்தது. ஆங்கிலச் சட்டம் பயில்வோர் இன்றும் படிக்கும் வழக்கு அது. அமைதியாக வாழக் கற்றுக்கொள் என்ற திருத்தூதரின் அறிவுரையோடு தம் நூலை முடித்தார் வால்டன். அமைதி காத்திருந்தால் டெர்வென்ட் ஆறு செத்தே கிடந்திருக்கும்!

ஆகவே நம் முடிவு இது. தனியொருவர் ஆற்றோரம் அமர்ந்து, அலையிலும் ஒளியிலும் தம் ஆண்டவனைக் காண்கிறாரா? காணட்டும். அது அவருடைய நெஞ்சின் உரிமை. அதில் தலையிட நமக்கும் உரிமையில்லை, எந்தத் திருச்சபைக்கும் உரிமையில்லை. ஆனால், அந்தப் பக்தியின் மாற்றை உரைத்துப் பார்க்கும் உரிமை உலகுக்கு உண்டு. முள்ளில் துடிக்கும் உயிரிடம் அது இரக்கம் காட்டுகிறதா? வலையிழுத்து வாழ்பவனை மதிக்கிறதா? நஞ்சு கலக்க வருபவனின் கையைப் பிடிக்கிறதா?

வால்டனைப் படியுங்கள், வெறுப்பில்லாத நம்பிக்கை எத்துணை இனிதென்று அறியலாம். மக்லீனைப் படியுங்கள்; நேர்மையான நம்பிக்கை எத்துணைக் கடிதென்று அறியலாம். படித்து முடித்ததும் டெர்பி நகரத்துத் தூண்டிற்காரரையும் ஒரு கணம் நினையுங்கள். அவர்கள் நெஞ்சில் என்ன கடவுள் இருந்தார் என்று நீதிமன்றம் கேட்கவில்லை. நாமும் கேட்கப் போவதில்லை. ஆறு பிழைத்தது, அதுவே போதும்.